நூறு மீட்டர் அறம்

2016 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வேப் விற்கும் கடைக்கு இடமில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மத்திய அமைச்சரவை முழுத் தடை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தது. டிசம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் வேப்பை ஹராம் என்றது. சுகாதார அமைச்சோ நிக்கோட்டின் கலந்த திரவத்தை நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ்ப் பறிமுதல் செய்துகொண்டிருந்தது. ஜொகூரில் கடைகள் மூடப்பட்டது இவற்றால் அல்ல. இன்று மாமன்னராக இருக்கும் சுல்தான் இப்ராஹிம் அன்று ஆணையிட்டார். மாநிலத்தின் ஊராட்சி மன்றங்கள் அந்த வியாபாரத்துக்கு லைசென்ஸ் இல்லை என்றன. பாவம் என்று சொன்னது ஒரு மன்றம், கெடுதல் என்று சொன்னது ஓர் அமைச்சு, கதவைச் சாத்தியதோ லைசென்ஸ் பிரிவு. தெருவில் ஒரு கோடு போட்டு, இதற்கு அப்பால் விற்கலாம், இப்பால் கூடாது என்று சொல்லும் இந்த அதிகாரத்துக்கும் அறத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அல்லது குப்பை அள்ளுவதும் சாக்கடை அடைப்பு எடுப்பதும் போல இதுவும் நகரப் பராமரிப்பில் ஒரு பகுதிதானா?

உலகில் இன்று இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது கஞ்சா விஷயத்தில். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2016 நவம்பரில் வாக்காளர்கள் கஞ்சா வியாபாரத்தை அனுமதித்தார்கள். ஆனால் அதே சட்டம், தன் எல்லைக்குள் ஒரு கடைகூட வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஒவ்வொரு நகரத்துக்கும் கொடுத்தது. நகரம் வேறு விதி செய்யாவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து 600 அடி, ஏறக்குறைய 180 மீட்டர், தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கஞ்சா கூடுமா கூடாதா என்பது அங்கே வாக்குச்சாவடியில் முடிந்துபோன விவாதம். எந்தத் தெருவில் என்பது நகர மன்றங்களில் முடியாத விவாதம். நமக்கு வடக்கே தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. கடைகள் முதலில் வந்தன, விதிகள் பின்னால் ஓடி வந்தன. 2025இல் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்ப வேண்டியதாயிற்று. மலேசியாவிலோ 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானிக்கப்படும். 2023இல் கட்டாயத் தூக்கு நீங்கியது, தூக்கு நீங்கவில்லை. ஆகவே ஜொகூர் பாரு மாநகர் மன்றத்தின் மேசைக்குக் கஞ்சாக் கடை விண்ணப்பம் எதுவும் வரப்போவதில்லை. ஆனாலும் கஞ்சாவைப் பற்றி அந்த நாடுகளில் கேட்கப்படும் கேள்வி ஜொகூர் மண்ணுக்குப் புதிதல்ல. அபின், கள், சம்சு, மது, வேப் என்று வெவ்வேறு பெயர்களில் நூற்றெண்பது ஆண்டுகளாக இங்கே அது கேட்கப்பட்டிருக்கிறது. சரியாகச் சொன்னால், கேட்கப்படாமலே பதில் சொல்லப்பட்டிருக்கிறது.

இட வரையறையைக் கேலி செய்வது எளிது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு மதுச் சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது. 2016 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தமிழ்நாடு சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று மாதம் கழித்து, 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்றது. சில மாநில அரசுகள் கடையை நகர்த்தவில்லை. நெடுஞ்சாலையின் பெயரை மாற்றி உள்ளூர்ச் சாலை ஆக்கிவிட்டன. இதைப் பார்க்கும் ஒருவர், 99ஆவது மீட்டரில் பாவமாக இருப்பது 101ஆவது மீட்டரில் எப்படிப் புனிதமாகிறது என்று கேட்பார். குடி தவறென்றால் எங்கும் தவறு. தவறில்லையென்றால் கோயில் வாசலில் வைத்தால்தான் என்ன? அறத்துக்கு நாடா வைத்து அளக்கும் வேலை இல்லை. அளக்கிற அறம் போலி அறம். இந்த ஆட்சேபத்தில் நேர்மை இருக்கிறது. ஒன்றைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

குடிப்பவன் செய்வது ஒன்று, விற்பவன் செய்வது இன்னொன்று, விற்க இடம் கொடுக்கும் ஊர் செய்வது மூன்றாவது. மூன்றும் ஒரே செயல் அல்ல. 100 மீட்டர் விதி குடிப்பவனைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவன் 101ஆவது மீட்டரில் நல்லவனாகிவிட்டான் என்று சான்றிதழும் தருவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, இரவு வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண், கடையின் மேல்மாடியில் குடியிருக்கும் குடும்பம் ஆகியோருக்கு ஊர் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது பேசுகிறது. திருக்குறளின் அதிகார வைப்பு இங்கே கவனிக்கத்தக்கது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில் இருக்கிறது. வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது ஆகிய மூன்றும் 92, 93, 94 என்று அடுத்தடுத்துப் பொருட்பாலில் இருக்கின்றன. அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பகுதி அது. இதற்குள் ஒரு முழு அரசியல் கோட்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் தனி மனிதனின் வயிற்றுக்குள் போகிற கள்ளை அவனுடைய ஆன்மாவின் விவகாரமாக மட்டும் வள்ளுவர் நிறுத்திவிடவில்லை என்பது தெளிவு. ஊர் வாழ்க்கையில் அது என்ன செய்கிறது என்ற கேள்விக்கும் அங்கே இடமிருக்கிறது.

வழிபாட்டிடத்திலிருந்து இத்தனை மீட்டர் என்ற விதியில் இன்னொரு முடிச்சும் உண்டு. எந்த வழிபாட்டை மனத்தில் வைத்து அந்தத் தூரம் அளக்கப்படுகிறது? ஜொகூரின் பழைய ரப்பர் தோட்டங்களில் மரத்தடியில் நின்ற முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சாராயமும் சுருட்டும் படையல். சிவனடியார்களில் ஒரு சாராருக்குக் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விலக்கல்ல. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் இலையைத் தடைக்கு வெளியே விட்டதால் காசியில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் இயங்குகின்றன. ஆகம விதிப்படி குடமுழுக்கு நடக்கும் கோயிலையும் மசூதியையும் தேவாலயத்தையும் வைத்து எழுதப்பட்ட விதியில் முனியாண்டி ஒரு தெய்வமாகவே இடம்பெறுவதில்லை. ஆகவே கோயிலின் தூய்மைக்காக இந்தக் கோடு என்று வாதிட்டால் அது சீக்கிரம் உடைந்துவிடும். எவருடைய தூய்மை என்ற கேள்வி உடனே எழும். தெய்வத்துக்கு 100 மீட்டர் தேவைப்படுவதில்லை. தேவைப்படுவது அங்கே வந்துபோகும் மனிதர்களுக்கு. இதை ஒப்புக்கொண்டால் வாதம் மதத்திலிருந்து விலகிவிடாது. மதம் மனிதருக்குச் செய்யச் சொல்லும் கடமைக்குத் திரும்புகிறது.

இனி ஜொகூருக்கு வருவோம். 1844 முதல், அன்று ஜொகூரை நடைமுறையில் ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் சீனக் குடியேறிகளின் தலைவர்களுக்கு ஆற்று ஆறாக உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சூராட் சுங்கை என்று அதற்குப் பெயர். பத்திரம் பெற்றவர் கங்சு. அந்த ஆற்றங்கரையில் கம்பீர்ச் செடியும் மிளகும் பயிரிடக் காடு வெட்டலாம். கூடவே அபின், சாராயம், சூதாட்டம், அடகு ஆகியவற்றை நடத்தும் ஏகபோகமும் அவரிடம் இருந்தது. 1873இல் மகாராஜா அபு பாக்கார் காலத்தில் இதற்கென்றே கங்சுச் சட்டம் எழுதப்பட்டது. 1917இல்தான் இந்த முறை ஒழிந்தது. இன்று ஜொகூர் பாருவின் லிட்டில் இந்தியாவை ஒட்டி நடப்பவர்கள் தாண்டிப் போகும் தெருவுக்குப் பெயர் தந்த தான் ஹியோக் நீ இந்தக் கங்சுகளில் மிகப் பெரியவர், அபின் குத்தகையிலும் பங்காளி. மாநிலத்தின் வருமானத்தில் பெரும் பகுதி அந்தக் குத்தகையிலிருந்து வந்தது. அதன் உட்பொருள் என்ன? போதைப்பொருள் எங்கே விற்கப்படலாம் என்பதற்கு ஜொகூரில் முதலிலேயே ஓர் இட வரையறை இருந்தது. ஆறுதான் எல்லை. எல்லைக்குள் இருந்தவர் கூலி. அவருக்குக் கூலி கொடுத்தவரும் அபின் விற்றவரும் கடன் கொடுத்தவரும் ஒருவரே, அல்லது ஒருவரின் ஆட்கள். பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி வைக்க வரையப்பட்ட கோடு அல்ல இது. தப்பிக்க வழியில்லாத மனிதனைச் சுற்றி வரையப்பட்ட கோடு.

தமிழர்களுக்கு இதன் அடுத்த அத்தியாயம் நன்றாகத் தெரியும். ரப்பர் தோட்டத்துக்குள் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை. லைசென்ஸ் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பெயரில். பட்டணத்துக்குப் போய்க் கலப்பட சாராயம் குடித்து வேலைக்கு வராமல் இருப்பதைவிட, நல்ல கள்ளைக் கண்காணிப்பில் குடிப்பது தொழிலாளிக்கு நல்லது என்பது அன்றைய வாதம். கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுகிறோம் என்றும் சொன்னார்கள். அதாவது குடித்தவனின் காசிலேயே அவன் பிள்ளைக்கு நன்மை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வும் பெண்களின் பாதுகாப்பும் கேட்ட அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங்கில் போலீசோடு மோதல் நடந்து உயிரும் போனது. அவர்கள் மதப் பிரசாரகர்கள் அல்லர். குடிக்கும் உரிமையை அவர்கள் மறுத்தார்கள் என்றும் கொள்ள வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசலில் கடை வைக்க முடிவு செய்தது யார் என்பதே அவர்களுடைய சண்டையின் அடி நாதம். கடையை வைத்த துரையின் பங்களா அதே தோட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் வாசலில் கள்ளுக்கடை இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேலி செய்தவருக்குப் பதில் கிடைக்கிறது. இட வரையறை என்பது தீமையைச் சில மீட்டர் தள்ளி வைத்து மனசாட்சியை ஏமாற்றும் வித்தையாக இருக்கலாம். நியாயமான செயலாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது தூரம் அல்ல. தள்ளப்பட்டது யாருடைய வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது, அவரிடம் கேட்டார்களா, காரணம் சொன்னார்களா என்பவையே பிரிக்கின்றன. பள்ளிக்கூடம், கோயில், மருத்துவமனை, பூங்கா, தரை வீடுகள் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம் வரைந்துகொண்டே போனால், எந்த நகரத்தின் வரைபடத்திலும் கடைசியில் மிஞ்சுவது தொழிற்பேட்டையின் ஓரமும், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியின் பக்கமும், மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்க்கடை வரிசையும்தான். வட்டம் வரைந்தவர் எவரும் அங்கே குடியிருப்பதில்லை. அந்த வரைபடத்தை எவ்வளவு பக்தியோடு வரைந்திருந்தாலும் அதை அறம் என்று ஏற்பதற்கில்லை.

இங்கே ஜான் ஸ்டூவர்ட் மில் குறுக்கிடுவார். 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய நூலின் கடைசி அத்தியாயத்தில் அவர் இதையே எடுத்துப் பேசுகிறார். மது விற்கும் இடத்தில் ஒழுங்கு காக்க லைசென்ஸ் வைக்கலாம், வரியும் போடலாம் என்கிறார். ஆனால் எளிதில் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே கடைகளைக் குறைப்பது தொழிலாளி வர்க்கத்தைக் குழந்தைகளாக நடத்துவது என்பது அவர் முடிவு. சீனா அபின் இறக்குமதியைத் தடுத்ததையும் வாங்குபவரின் சுதந்திரத்தில் தலையிட்டதாகவே அவர் எண்ணுகிறார். கனமான வாதம், அதை லேசாக ஒதுக்க முடியாது. என்றாலும் மில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனியில் என்பதையும், கம்பெனி ஆட்சியின் வங்காள அபின்தான் சிங்கப்பூர் வழியாகக் கங்சுகளின் ஆற்றங்கரைக்கும் வந்து சேர்ந்தது என்பதையும் மறந்துவிட்டுப் படிக்க முடியவில்லை. அவர் காணும் வாங்குபவர் பல கடைகளுக்கு நடுவே நின்று தேர்ந்தெடுக்கும் ஒருவர். ஆற்றங்கரைக் கூலிக்கு இருந்தது ஒரு கடை, அதுவும் கடன் கணக்கோடு. தோட்டத் தொழிலாளி தன் லயத்துப் பக்கம் கடை வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்க ஆளில்லை. கடை வேண்டும் என்று விரும்புவது சுதந்திரம் என்றால், வேண்டாம் என்று அண்டை வீட்டாரோடு கூடி முடிவெடுப்பதும் சுதந்திரம்தான். மில்லின் கணக்கில் முதலாவதற்கு மட்டுமே வரவு. மேலும் விற்பவரைக் கட்டுப்படுத்தும் விதி குடிப்பவரின் உள்ளத்துக்குள் நுழைவதில்லை. அவர் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து தன் வீட்டில் குடிக்கலாம். அந்தச் சிரமத்தைக் குழந்தையாக்குதல் என்பது மிகை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மலேசியாவில் சிறுபான்மையாக வாழ்பவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. குடியிருப்பவர்கள் முடிவு செய்யட்டும் என்று திறந்துவிட்டால், பெரும்பான்மையின் மதம் எல்லார் தெருவையும் ஆளத் தொடங்காதா? இன்று மதுக்கடை வேண்டாம் என்பவர்கள் நாளைக்குப் பன்றி இறைச்சிக் கடை வேண்டாம், மறுநாள் கோயிலே வேண்டாம் என்றால்? 2009 ஆகஸ்டில் ஷா ஆலாமில் ஒரு மாரியம்மன் கோயிலைத் தங்கள் பகுதிக்கு மாற்றக் கூடாது என்று சில குடியிருப்பாளர்கள் மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனதை யாரும் மறக்கவில்லை. அவர்களும் அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள்தாம். அவர்கள் பேசியதும் வசிப்பவர் உரிமையைத்தான். இந்த ஆபத்தை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் அதற்கு வரம்பு கட்டலாம். வியாபாரம் ஊர் கொடுக்கும் அனுமதி. வழிபாடு ஊர் கொடுத்து வருவது அல்ல. ஒருவர் லாபம் பார்க்கும் இடத்தை நகர்த்தலாம், நேரத்தைக் குறைக்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். ஒருவர் கும்பிடும் இடத்தை அண்டை வீட்டாரின் விருப்பு வெறுப்புக்கு உட்படுத்த முடியாது. கோயிலுக்கு வாகன நிறுத்தமும் ஒலிபெருக்கி நேரமும் பற்றி விதி இருக்கலாம். அது எந்தக் கட்டடத்துக்கும் உள்ள விதி. இருக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் அங்கே வாக்கெடுப்பு கிடையாது. இந்த வேறுபாடு மறுபக்கமும் வெட்டும். 2017இல் மூவாரில் ஒரு துணி வெளுப்பகம் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தபோது சுல்தான் இப்ராஹிம் அதை உடனே நிறுத்தச் சொன்னார். ஊரின் அனுமதியோடு கடை திறந்தவர் தன் நம்பிக்கையைக் காட்டி ஊரில் பாதிப் பேரை வாசலோடு நிறுத்த முடியாது. வேப் கடையை மூடிய அதே அதிகாரம் இங்கே வெளுப்பகத்தைத் திறந்து வைத்தது. இரண்டும் ஒரே நியாயத்தின் இரண்டு பக்கங்கள்.

ஒரே கைதான் இரண்டையும் செய்தது என்பதில்தான் சங்கடமும் இருக்கிறது. அரண்மனையின் ஆணை நல்லதாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். அதை நடைமுறையாக்கிய மன்றங்களுக்கு அதில் சொந்தச் சிந்தனை எதுவும் தேவைப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 107ஆம் பிரிவில், கொடுத்த லைசென்ஸை மன்றம் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம் என்கிறது. நிர்வாகத்துக்கு வசதியான வாசகம். அறத்துக்கு இதைவிட எதிரான வாசகம் கிடையாது. காரணம் சொல்லப்படும்போதுதான் ஒரு கட்டுப்பாடு அறத்தின் எல்லைக்குள் வருகிறது. சொல்லாதவரை அது பலம் மட்டுமே. ஜொகூரில் 16 ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். மாநில அரசு நியமிப்பவர்கள். 1965இல் நாடு முழுதும் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டபோது உள்ளாட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அதை ஏற்காமல் 1976ஆம் ஆண்டின் அதே சட்டம் உள்ளாட்சித் தேர்தலுக்கு முடிவு கட்டியது. தோட்டத்துத் துரை லைசென்ஸ் வாங்கிய காலத்துக்கும் இன்றைக்கும் எவ்வளவோ மாறியிருக்கிறது. தெப்ராவ் பக்கத்து மவுண்ட் ஆஸ்டின் ரப்பர் தோட்டம் இன்று கஃபேயும் பாரும் நிறைந்த தாமான் ஆகிவிட்டது. ஆனால் கடைக்கு மேலே குடியிருப்பவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எல்லாவற்றையும் முழுதாகத் தடை செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பவர்கள் உண்டு. கஞ்சா விஷயத்தில் மலேசியா அந்த வழியில் போகிறது. ஜொகூர் வேப்பிலும் அதையே செய்தது. கஞ்சா இங்கே சட்டபூர்வமாக வேண்டும் என்று வாதிடுவது இக்கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் முழுத் தடை இட வரையறையிலிருந்து விடுதலை தரும் என்பது தவறான நம்பிக்கை. தடைக்குப் பின்னும் வேப் விற்பவர்களை ஜொகூர் மன்ற அமலாக்க அதிகாரிகள் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொருள் எங்கோ ஒரு தெருவில் விற்கப்படுகிறது. எந்தத் தெரு என்பதை விற்பவன் தீர்மானிக்கிறான். அவன் எந்த மன்றத்துக்கும் விண்ணப்பம் போடுவதில்லை. 1893 முதல் 1894 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்ட இந்திய கஞ்சா விசாரணை ஆணையம் இதை உணர்ந்துதான் முழுத் தடையை ஏற்க மறுத்தது. சிவ வழிபாட்டோடு அதற்கிருந்த உறவையும் கணக்கில் எடுத்து, வரியும் கடைகளின் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் போதும் என்றது. அந்த ஆணையம் ஏகாதிபத்தியத்தின் வருவாய்க் கண்ணோடும் பார்த்தது என்பது உண்மை. ஆனாலும் தடை, அனுமதி என்ற இரண்டு சொற்களுக்குள் விஷயம் முடியாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. மது, புகை, சூது ஆகியவற்றை விற்கும் இடங்களுக்கு இதற்கான கருவி சட்டப் புத்தகத்திலேயே பாதி இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஓர் ஊரின் வரைவு உள்ளூர்த் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்பவரை அழைத்துக் கேட்கவும் வேண்டும். நில உபயோகத்துக்கு இருக்கும் அந்தக் கடமையைக் கடை லைசென்ஸுக்கும் நீட்டினால், அடுக்குமாடிவாசியும் விடுதித் தொழிலாளியும் முதல் முறையாக அந்த வரைபடத்தின் முன் உட்காருவார்கள். கடைக்காரரும் வருவார். தன் காரணத்தை ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிவரும், மன்றமும் சேர்த்துத்தான்.